மெத்தை மிகுந்த ஓட்டக் காலணியை மதிப்பிடுதல்

ஓடுவோருக்கென்று செய்யப்படும் காலணிகளில் கடந்த பதினைந்து ஆண்டுகளாக ஏற்பட்டுவரும் மாறுதல்களுள், பார்த்த மாத்திரத்தில் எவருக்கும் புலப்படுவது சோலின் தடிப்பாகும். முன்னர் ஒரு விரற்கடைக்குச் சற்று மிகுதியாக இருந்த சோல், இன்று குதிகாலின் கீழ் இரண்டு விரற்கடை உயரத்திற்கு வளர்ந்துவிட்டது. இத்தகைய காலணிகள் பந்தயத்தில் வெல்வதற்காக விற்கப்படுவன அல்ல. மெதுவாகவும் சுகமாகவும் பல மைல்கள் ஓடுவதற்கு ஏற்றவை என்பதே இவற்றிற்குக் கூறப்படும் சிறப்பு.

நம் நாட்டில் இவற்றின் விலை பெரும்பாலும் ஜோடிக்குப் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. அப்படியிருந்தும் இவற்றை நாடுவோர் செல்வந்தர் மட்டுமல்லர். நாள்தோறும் நெடுந்தூரம் நடக்கும் களப்பணியாளர்களும், பகல் முழுவதும் வகுப்பில் நிற்கும் ஆசிரியர்களும், காவல் துறை, ராணுவம் ஆகியவற்றின் உடற்தகுதித் தேர்வுக்காக அதிகாலையில் ஓடிப் பழகும் இளைஞர்களும் இவற்றைப் பற்றி விசாரிக்கின்றனர். மெத்தென்ற காலணியை அணிந்தால் முழங்காலுக்கும் எலும்புக்கும் தீங்கு நேராது என்ற நம்பிக்கையில், குடும்பச் செலவைக் குறைத்துக்கொண்டும் பலர் பணம் சேர்க்கின்றனர். இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் உண்மை? கடையில் கட்டைவிரலால் சோலை அழுத்திப் பார்ப்பதைக் காட்டிலும் நம்பகமான சோதனை உண்டா? இவ்விரு கேள்விகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது. பின்னர்க் கூறப்படும் சோதனைகளுள் பலவற்றை ஒரு கிராமப் பள்ளியிலேயே செய்து பார்க்கலாம்.

எளிய ஓட்டம் எனப்படுவது

ஒரு காலணியை மதிப்பிடுமுன் அது எந்த வேலைக்கு உரியது என்பதை வரையறுத்துக்கொள்ள வேண்டும். எளிய ஓட்டம் என்பது, அருகில் ஓடுபவரிடம் முழு வாக்கியங்களாகப் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் ஓடுவது. மூச்சு இரைத்துச் சொற்கள் துண்டு துண்டாக வருமாயின் அது எளிய ஓட்டம் அன்று. நெடுந்தூர ஓட்டக்காரர்கள் தங்கள் பயிற்சியின் பெரும்பகுதியை இவ்வேகத்திலேயே செய்கின்றனர். இங்கே நொடிகளை மிச்சப்படுத்துவது நோக்கமன்று. இன்று ஓடியவர் நாளையும் வலியின்றி ஓடக்கூடியவராக இருத்தலே நோக்கம்.

ஒரு கிலோமீட்டரை 7 நிமிடத்தில், நிமிடத்திற்கு 165 அடி வைத்து ஓடும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் ஒரு கிலோமீட்டருக்கு 1,155 முறை தரையை மிதிக்கிறார். 5 கிலோமீட்டரில் ஒவ்வொரு பாதமும் ஏறத்தாழ 2,900 முறை தரையில் படுகிறது. நடக்கும்போது தரை பாதத்தின்மீது செலுத்தும் விசை உடல் எடையைவிடச் சற்றே அதிகம். ஓடும்போதோ அது உடல் எடையைப்போல் 2 முதல் 3 மடங்கு வரை உயர்கிறது. 60 கிலோகிராம் எடையுள்ளவரின் ஒற்றைக் கால், அடிதோறும் 150 கிலோகிராம் சுமையை ஒரு கணம் தாங்குகிறது என்று கொள்ளலாம். ஒரு முறை தாங்குவது கடினமன்று. ஆயிரக்கணக்கான முறை, வாரத்தில் பல நாட்கள் தாங்குவதே எலும்பையும் தசைநாணையும் சோதிக்கிறது.

காலணியின் அமைப்பும் வரலாறும்

ஓட்டக் காலணியை மூன்று பகுதிகளாகப் பிரித்துக் கூறலாம். பாதத்தைப் போர்த்தும் துணியாலான மேற்பாகம் ஒன்று. தரையைத் தொடும் ரப்பர் அடிச்சோல் மற்றொன்று. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள நுரையாலான நடுச்சோல் மூன்றாவது. மெத்தை என்று நாம் குறிப்பிடுவது இந்த நடுச்சோலையே ஆகும்.

வெறுங்காலால் நெடுந்தூரம் ஓடுவது இயலாத காரியமன்று என்பதை வரலாறு காட்டுகிறது. எத்தியோப்பியாவின் அபேபே பிக்கிலா 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் வெறுங்காலுடன் மாரத்தான் ஓடி முதலிடம் பெற்றார். 1964இல் டோக்கியோவில் அவரே காலணி அணிந்து ஓடி மீண்டும் வென்றார். நம் நாட்டில், வெறுங்காலுடன் ஓடியவர் என்று புகழ்பெற்ற சிவநாத் சிங் 1978இல் ஜாலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் மாரத்தானை முடித்தார். அந்த தேசிய சாதனை பல பத்தாண்டுகள் நிலைத்து நின்றது.

1970களில் எத்திலீன் வினைல் அசிடேட் என்னும் பிளாஸ்டிக்கிலிருந்து செய்யப்பட்ட நுரை காலணித் தொழிலில் இடம்பெற்றது. ஒன்றோடொன்று கலவாத மிக நுண்ணிய காற்றறைகள் நிறைந்த பொருள் இது. எடை குறைந்தது, மலிவானது, அச்சில் வார்க்க எளியது. பல ஆண்டுகள் இதுவே நடுச்சோலின் முதன்மைப் பொருளாக விளங்கியது. 2013இல் தெர்மோபிளாஸ்டிக் பாலியூரிதேன் மணிகளைப் பொரிபோல் உப்பச்செய்து ஒட்டிய சோலும், 2017இல் பாலிஈதர் பிளாக் அமைட் என்னும் பொருளாலான நுரையைக் கொண்ட பந்தயக் காலணியும் பரவலாக அறிமுகமாயின.

தடித்த மெத்தைக் காலணி இவற்றினின்றும் வேறான வழியில் தோன்றியது. 2009இல் பிரான்சு நாட்டின் அன்னெசி நகரில் நிக்கோலா மெர்மூ, ழான்-லுக் தியார் என்னும் இருவர் ஹோகா என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். மலைச் சரிவுகளில் வேகமாக இறங்கி ஓடுவதற்குத் துணையாக அகன்ற, தடித்த சோலை அவர்கள் வடிவமைத்தனர். அக்காலத்தில் வெறுங்கால் ஓட்டத்தை ஒத்த மெல்லிய காலணிகளே பலராலும் போற்றப்பட்டு வந்தமையால், இது வினோதமாகக் கருதப்பட்டது. எனினும் சில ஆண்டுகளுக்குள் ஏனைய நிறுவனங்களும் அதே வழியைப் பின்பற்றின.

தடித்த நுரை பாதத்தோடு சேர்ந்து எளிதில் வளைவதில்லை. ஆகையால் சோலின் முன்பகுதியும் பின்பகுதியும் தொட்டிலின் அடிக்கட்டைபோல் வளைத்துச் செய்யப்படுகின்றன. பாதம் வளைவதற்குப் பதிலாகக் காலணியே முன்னோக்கி உருளுகிறது. பாதம் நுரையின் மேல் மட்டும் நில்லாமல் சற்று உள்ளே அமிழ்ந்து நிற்குமாறு ஓரங்கள் உயர்த்தப்படுவதும் உண்டு.

மெத்தை செய்யும் வேலை

விழும் பொருளை நிறுத்துவதற்கு வேண்டிய விசை, அது எவ்வளவு தூரத்தில் நிறுத்தப்படுகிறது என்பதைப் பொறுத்தது. இதனை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். காலணிச் சோதனைச்சாலைகளில் 8.5 கிலோகிராம் எடையுள்ள தண்டு ஒன்றை 5 செ.மீ. உயரத்திலிருந்து சோலின்மீது விழச்செய்யும் முறை உண்டு. சோல் 10 மி.மீ. அமுங்கித் தண்டை நிறுத்துமானால், கணக்கின்படி சராசரி விசை ஏறத்தாழ 500 நியூட்டன் ஆகும். அதே தண்டு 20 மி.மீ. அமுங்கி நிற்குமானால் சராசரி விசை 292 நியூட்டனாகக் குறைகிறது. கொள்ளும் சக்தி சற்று அதிகரித்தபோதிலும் விசை பெரிதும் தணிந்துவிடுவதைக் கவனிக்க. தடித்த சோலுக்கு உள்ள நியாயம் இதுவே.

ஆனால் நுரையின் மென்மைக்கு ஓர் எல்லை உண்டு. மிக மெல்லிய அழுத்தத்திற்கும் அமுங்கும் நுரை, பெருஞ்சுமை வரும்போது முழுவதும் நசுங்கிவிடும். காற்றறைகள் மூடிக்கொண்டபின் அது கட்டை போல் கடினமாகிவிடும். கடையில் விரலால் அழுத்தியபோது பஞ்சுபோல் தோன்றிய காலணி, எடை மிகுந்தவரின் காலில் அடிதட்டுவதற்கு இதுவே காரணம். ஆகவே மென்மை வேறு, அதிர்ச்சியைத் தாங்கும் திறன் வேறு. விரல் சோதனை முதலாவதை மட்டுமே தெரிவிக்கும்.

கால் ஒரு சுருள்வில்

மேற்கூறிய கணக்கில் விழுவது உயிரற்ற இரும்புத் தண்டு. மனிதனின் காலோ அவ்வாறன்று. ஓடுபவரின் கால் ஒரு சுருள்வில்லைப் போல் மடங்கி நிமிர்கிறது. அந்த வில்லின் விறைப்பை மூளையும் தசைகளும் கணத்திற்குக் கணம் மாற்றியமைக்கின்றன. 1998இல் பெரிஸ், லூயி, பார்லி ஆகிய ஆராய்ச்சியாளர்கள், ஓடுபவர்கள் தரையின் தன்மைக்கேற்பத் தங்கள் காலின் விறைப்பை மாற்றிக்கொள்கின்றனர் என்று காட்டினர். தரை மென்மையானால் கால் விறைக்கிறது. தரை கடினமானால் கால் தளர்கிறது. இதனால் உடலின் மேலும் கீழுமான அசைவு ஏறத்தாழ ஒரே அளவில் இருந்துவருகிறது.

காலணியும் காலுக்கு ஒருவகைத் தரையே. 2018இல் குல்மாலா முதலிய பின்லாந்து ஆராய்ச்சியாளர்கள், தடித்த மெத்தைக் காலணியையும் சாதாரண ஓட்டக் காலணியையும் அணிவித்துச் சிலரை ஓடச்செய்து தரை விசையை அளந்தனர். மணிக்கு 14.5 கி.மீ. வேகத்தில், குதிகால் மோதும் கணத்தின் உச்ச விசை மெத்தைக் காலணியில் 10.7 சதவீதம் அதிகமாக இருந்தது. விசை ஏறும் விரைவும் 12.3 சதவீதம் மிகுந்திருந்தது. மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் உச்ச விசையின் வேறுபாடு 6.4 சதவீதமே. மென்மையை உணர்ந்த கால் அதிகமாக விறைத்துக்கொண்டதே இதற்குக் காரணம் என்று அவர்கள் கருதினர்.

இம்முடிவைக் கொண்டு மெத்தைக் காலணி தீயது என்று கூறிவிட முடியாது. சோதிக்கப்பட்டோர் தொகை சிறிது. மேலும், தரை காலணியைத் தள்ளும் விசையும், எலும்பும் நாணும் உட்கொள்ளும் விசையும் ஒன்றல்ல. பிந்தியதில் பெரும்பங்கு தசைகள் இழுப்பதால் உண்டாவது. இம்முடிவு உறுதியாகக் காட்டுவது ஒன்றே: சோல் இருமடங்கு தடித்தால் அதிர்ச்சி பாதியாகும் என்ற எளிய கணக்கு, உயிருள்ள காலுக்குப் பொருந்தாது. வேகம் குறைந்தபோது வேறுபாடும் குறைந்தது என்பதும் நம் கவனத்திற்கு உரியது. இக்காலணிகள் மெதுவான ஓட்டத்திற்கே உரியவை என்று கூறப்படுவதற்கு இது ஓரளவு இசைவாக உள்ளது.

காயம் தடுக்கப்படுமா?

வாங்குவோர் உண்மையில் அறிய விரும்புவது இதைத்தான். லக்சம்பர்க்கில் மாலிசூ முதலியோர் 848 ஓட்டக்காரர்களைக் கொண்டு நடத்திய பெரும் சோதனை 2020இல் வெளியாயிற்று. வெளித்தோற்றத்தில் ஒரே மாதிரியான, ஆனால் விறைப்பில் வேறுபட்ட இருவகைக் காலணிகளைக் குலுக்கல் முறையில் வழங்கி, ஆறு மாதம் கவனித்தனர். கடினமான காலணி பெற்றவர்களுக்குக் காய அபாயம் மென்மையான காலணி பெற்றவர்களைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு இருந்தது. இந்த நன்மை எடை குறைந்தவர்களிடத்திலேயே தெளிவாகத் தென்பட்டது. பருத்த உடலினருக்கே மெத்தை மிகவும் வேண்டும் என்ற பொதுவான எண்ணத்திற்கு இது மாறானது.

மற்றொரு புறம், 2022இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வு 12 சோதனைகளையும் 11,240 பேரையும் ஒருங்கே நோக்கியது. ஒரு வகைக் காலணிக்குப் பதிலாக மற்றொரு வகையை அணிவதால் காயங்களின் எண்ணிக்கை பெரிதும் மாறும் என்பதற்கு வலுவான சான்று இல்லை என்பதே அதன் சாரம். ஆகவே மெத்தை சிலருக்குச் சிறிது உதவக்கூடும். அது காப்புறுதி அன்று. ஓடும் தூரத்தைத் திடீரென்று உயர்த்துவது, ஓய்வின்றி ஓடுவது, பழைய காயம் ஆறுமுன் ஓடுவது ஆகியவற்றால் வரும் தீங்கை எந்த நுரையும் தடுக்காது.

விறைப்பு, மென்மை என்ற அளவுகளைவிட, அணிபவர் உணரும் சுகத்திற்கே முதன்மை தரவேண்டும் என்று கானடாவின் கால்கரி பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த பென்னோ நிக் முதலியோர் 2015இல் வாதிட்டனர். சுகமாக உணரும் காலணியில் கால் தன் இயல்பான வழியில் இயங்குகிறது என்பது அவர்கள் கருத்து. முற்றிலும் நிறுவப்பட்ட கொள்கை அன்றாயினும், களத்தில் பின்பற்றுவதற்கு இது எளிய வழியாகும்.

பள்ளியில் செய்யக்கூடிய அளவீடுகள்

புதிய காலணி ஒன்றையும், ஒப்பிடுவதற்கு அதே அளவுள்ள சாதாரண ஓட்டக் காலணி ஒன்றையும் எடுத்துக்கொள்க. கீழ்க்காணும் அளவுகளை இரண்டிற்கும் குறித்துக்கொள்ள வேண்டும்.

1. எடை. சமையலறைத் தராசில் ஒரு காலணியை மட்டும் நிறுக்கலாம். மெத்தை மிகுந்தவை பெரும்பாலும் 300 கிராம் அளவில் இருக்கும். காலணி ஒன்றிற்கு 100 கிராம் கூடினால் ஓடுவதற்குச் செலவாகும் சக்தி ஏறத்தாழ 1 சதவீதம் கூடுகிறது என்பது பல சோதனைகளில் கண்ட உண்மை. பந்தயத்தில் இது பொருட்படுத்தத் தக்கது. எளிய ஓட்டத்தில் இதனைப் பெரிதாகக் கருத வேண்டியதில்லை.

2. தடிப்பு. உலகத் தடகள அமைப்பு, காலணியின் உள்நீளத்தில் குதிகாலிலிருந்து 12 சதவீதத் தூரத்திலும் 75 சதவீதத் தூரத்திலும் தடிப்பை அளக்கிறது. சாலைப் பந்தயத்திற்கு 40 மி.மீ. உச்சவரம்பாக வைத்துள்ளது. பயிற்சிக்கு இவ்வரம்பு கிடையாது. வெளிப்புற ஓரம் உயர்ந்திருப்பதால் பக்கவாட்டில் அளப்பது ஏமாற்றும். உள்ளே ஒரு கோலையும் வெளியே ஒரு கோலையும் வைத்து, வித்தியாசத்தைக் கணக்கிடுவதே சரி. குதிப் பகுதிக்கும் முன்பகுதிக்கும் உள்ள வேறுபாட்டையும் குறித்துக்கொள்க. இவ்வேறுபாடு குறையக் குறையக் கெண்டைக்கால் தசைக்கும் குதிநாணுக்கும் வேலை கூடும்.

3. அமுங்கும் அளவு. சோலின் பக்கத்தில் மேலும் கீழுமாக இரு புள்ளிகள் மையால் இடுக. யாரும் அணியாதபோது ஒரு புகைப்படமும், எடை தெரிந்த மாணவர் ஒருவர் அந்த ஒற்றைக் காலில் நிற்கும்போது அதே இடத்திலிருந்து ஒரு புகைப்படமும் எடுக்க. பக்கத்தில் ஓர் அளவுகோல் தெரியவேண்டும். இரு புள்ளிகளின் இடைவெளி எவ்வளவு குறைந்தது என்பதே அமுங்கும் அளவு. எடை வேறுபட்ட மூவரைக் கொண்டு செய்தால், சுமைக்கும் அமுக்கத்திற்கும் உள்ள தொடர்பை வரைபடமாக வரையலாம். கோடு முதலில் சரிந்தும் பின்னர்ப் படுத்தும் காணப்பட்டால், நுரை தன் எல்லையை நெருங்குகிறது என்று பொருள்.

4. மீள்திறன். காலணியின் உள்ளே குதிகால் படும் இடத்தில் சிறிய எஃகுக் குண்டு ஒன்றை 1 மீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, எழும்பும் உயரத்தைக் கைப்பேசியின் மெதுவோட்டப் படத்தில் பார்க்கலாம். 50 செ.மீ. எழும்பினால், மோதலின் சக்தியில் பாதி திரும்பியது. இச்சோதனை நுரையின் மேற்பரப்பை மட்டுமே அறிவிக்கும் என்பதை மாணவர்க்குச் சொல்லவேண்டும். 2017இல் வெளியான ஆய்வு ஒன்றில், இயந்திரத்தால் அழுத்திச் சோதித்த பந்தயக் காலணி 87 சதவீதச் சக்தியைத் திருப்பித் தந்தது. எளிய ஓட்டத்திற்கு அத்தகைய எழுச்சி கட்டாயமன்று.

5. நிலைத்தன்மை. காலணியை அணிந்து ஒற்றைக் காலில் 30 விநாடி நின்று, மற்றக் கால் எத்தனை முறை தரையைத் தொட்டது என்று எண்ணுக. பாதம் தரையிலிருந்து உயரும்தோறும் கணுக்கால் புரள்வதற்கு ஏதுவாகிறது. வயல் வரப்புகளிலும், கற்கள் நிறைந்த காட்டுப் பாதையிலும் நடக்கும் பணியாளர்களுக்கு இவ்வளவீடு மற்றவற்றினும் முக்கியமானது.

ஓடிப் பார்த்து மதிப்பிடுதல்

அளவுகோலும் தராசும் கூறுவது பாதி. மற்றப் பாதியை ஓடுபவரே கூறவேண்டும். ஆனால் அபிப்பிராயம் விலையாலும் விளம்பரத்தாலும் எளிதில் திரிந்துவிடும். விலையுயர்ந்த காலணி சுகமாக இருக்கும் என்று எதிர்பார்ப்பவருக்கு அது சுகமாகவே தோன்றும். எனவே சில ஒழுங்குகள் இன்றியமையாதவை.

காலணியின் பெயரையும் சின்னத்தையும் துணி ஒட்டுநாடாவால் மறைத்துவிடுக. ஒரே பாதையில், ஒரே வேளையில், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில், ஒவ்வொரு முறையும் 20 நிமிடம் ஓடவேண்டும். முதல் நாள் மெத்தைக் காலணி, அடுத்த இரண்டு நாட்கள் சாதாரணக் காலணி, நான்காம் நாள் மீண்டும் மெத்தைக் காலணி என்ற வரிசையைப் பின்பற்றினால், நாளுக்கு நாள் ஏற்படும் களைப்பின் வேறுபாடு ஒரு பக்கம் சாயாது. ஒவ்வொரு நாளுக்கும் இடையே ஒரு நாள் ஓய்வு தருக.

ஓட்டம் முடிந்தவுடன், 10 செ.மீ. நீளமுள்ள கோடு ஒன்றில், இடக்கோடி “மிகுந்த அசௌகரியம்”, வலக்கோடி “மிகுந்த சுகம்” என்று கொண்டு, ஓடியவர் ஓர் அடையாளம் இடவேண்டும். குதிகால், பாதவளைவு, முன்பாதம் ஆகிய ஒவ்வொன்றிற்கும் தனித்தனிக் கோடு இருப்பது நலம். மறுநாள் காலையில் கெண்டைக்கால், முழங்கால், பாதம் ஆகியவற்றில் இறுக்கமோ வலியோ உண்டா என்பதையும் எழுதிவைக்க. முதல் நாளைய சுகத்தைவிட மறுநாள் குறிப்பே மதிப்பு மிக்கது. கடையில் இரண்டு நிமிடம் நடந்து பார்த்ததில் கிடைக்காத செய்தி இதில் கிடைக்கும்.

சிலருக்கு மெத்தைக் காலணி முதல் மைலில் இன்பமாகவும் மூன்றாம் மைலில் சோர்வாகவும் தோன்றுவதுண்டு. மென்மையான சோலின்மேல் பாதத்தை நேராக நிறுத்தச் சிறு தசைகள் அதிகம் உழைப்பது இதற்கு ஒரு காரணமாகலாம். ஒரே ஒரு குறுகிய ஓட்டத்தைக் கொண்டு தீர்ப்புக் கூறலாகாது.

பொருத்தமும் பாதத்தின் அகலமும்

எத்துணைச் சிறந்த நுரையாயினும், பாதத்திற்குப் பொருந்தாத காலணியில் பயன் தராது. நம் நாட்டில் பிரிட்டிஷ் அளவுமுறையே நெடுநாள் வழங்கி வந்துள்ளது. அது வேறு மக்களின் பாதங்களைக் கருத்திற்கொண்டு எழுந்தது. சென்னையிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடெங்கும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாணக் கருவியால் அளந்தது. இந்தியர்களின் பாதங்கள் ஐரோப்பியர், அமெரிக்கர் பாதங்களைவிட அகலமானவை என்று அதில் கண்டனர். இதன் அடிப்படையில் “பா” என்னும் புதிய இந்திய அளவுமுறை 2024இல் முன்மொழியப்பட்டது.

அகலம் போதாதபோது பலர் நீளம் கூடிய காலணியை வாங்கிவிடுகின்றனர். அப்போது சோலின் வளைவு பாதத்தின் மூட்டுக்கு நேராக அமையாது. குதிகாலும் உள்ளே நழுவும். உருளும் வடிவமுள்ள தடித்த சோலில் இக்குறை இரட்டிப்பாக உணரப்படும். பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில், ஓடும்போது அணியும் காலுறையுடன் அணிந்து பார்க்க வேண்டும். நீண்ட விரலுக்கு முன்னே கட்டைவிரல் அகல இடைவெளி இருத்தல் தகும். காலுறையின்றிக் காகிதத்தின்மேல் நின்று பாதத்தின் விளிம்பை வரைந்து, அதன்மேல் காலணியை வைத்துப் பார்ப்பது மாணவர்களுக்கு எளிய செயல்முறை. பாதத்தின் கோடு சோலுக்கு வெளியே தெரிந்தால் அக்காலணியை விலக்குக.

தேய்வும் ஆயுளும்

மெத்தையின் மதிப்பு அது எவ்வளவு காலம் மெத்தையாக இருக்கும் என்பதில் உள்ளது. 1985இல் குக் முதலியோர் வெளியிட்ட ஆய்வில், இயந்திரத்தில் சோதித்த காலணிகள் 80 கி.மீ. அளவில் தம் அதிர்ச்சி தாங்கும் திறனில் ஏறக்குறைய 75 சதவீதத்தையே வைத்திருந்தன. 400 முதல் 800 கி.மீ. வரை 60 சதவீதத்திற்கும் குறைந்தன. மனிதர் அணிந்து ஓடிய காலணிகள் 800 கி.மீ. முடிவில் சுமார் 70 சதவீதத்தைக் காத்திருந்தன. இன்றைய நுரைகள் வேறாயினும், நுரை மெல்ல மெல்லச் சோர்கிறது என்ற இயல்பு மாறவில்லை. அடிச்சோலின் ரப்பர் தேயாமலிருந்தும் நடுச்சோல் தளர்ந்திருக்கக்கூடும்.

இதனை அறிய, காலணியைச் சமதளமான மேசைமேல் வைத்துப் பின்புறமிருந்து நோக்குக. ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் நுரை அப்பக்கம் அமுங்கிவிட்டது. நடுச்சோலின் பக்கங்களில் ஓய்வுக்குப் பின்னும் மறையாத மடிப்புக் கோடுகள் மற்றோர் அறிகுறி. மேலே கூறிய புள்ளிச் சோதனையை வாங்கிய நாளிலும், பின்னர் 200 கி.மீ.க்கு ஒரு முறையும் செய்து எழுதிவைத்தால், மாற்றவேண்டிய காலம் தானே புலப்படும். எடையைக் குறைப்பதற்காகச் சில காலணிகளில் அடிச்சோல் ரப்பரைப் பல இடங்களில் விட்டுவிடுகின்றனர். நம் ஊர்களின் கரடுமுரடான சாலைகளில் இவ்வாறு வெளித்தெரியும் நுரை விரைவில் தேயும்.

நம் நாட்டு வெப்பமும் மழையும் தனியே கவனிக்க வேண்டியவை. கொளுத்தும் வெயிலில் விடப்பட்ட நுரைச்சோல் சுருங்கி உருமாறும். நனைந்த காலணிக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்துவதே முறை. பாலியூரிதேன் வகைச் சோல்கள் ஈரக்காற்றிலுள்ள நீரோடு வினைபுரிந்து ஆண்டுகள் செல்லச்செல்ல உதிர்ந்துபோகின்றன. ஆகையால் விலை குறைவாகக் கிடைக்கிறதென்று வாங்கிப் பெட்டியில் பல ஆண்டு பூட்டிவைப்பது சிக்கனமாகாது.

யாருக்கு ஏற்றது?

வாரத்தில் பல நாள் கெட்டியான சாலையில் மெதுவாக ஓடுபவர்கள், நெடுநேரம் நிற்பவர்கள், சமதளத்தில் நடப்பவர்கள் ஆகியோர் ஓடிப் பார்த்துச் சுகம் கண்டால் மெத்தை மிகுந்த காலணியைத் தயக்கமின்றி அணியலாம். சமதளமற்ற நிலத்தில் பணிபுரிவோர்க்கு அகன்ற அடியும் குறைந்த உயரமும் உள்ள காலணியே பாதுகாப்பானது. உடற்தகுதித் தேர்வில் 1,600 மீட்டர் வேகமாக ஓடவேண்டிய இளைஞர், பயிற்சியின் மெதுவான பகுதிக்கு மட்டும் இதனை அணிந்து, வேகப் பயிற்சிக்கு எடை குறைந்த காலணியைப் பயன்படுத்துவது நல்லது. நீரிழிவினால் பாதத்தில் உணர்ச்சி குன்றியவர்கள் சுகத்தை அளவுகோலாகக் கொள்ள இயலாது. அவர்கள் மருத்துவரின் ஆலோசனைப்படியே காலணி தேர்ந்தெடுக்க வேண்டும்.

பணத்தைச் செலவிடும் வகையைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. 264 ஓட்டக்காரர்களை 22 வாரம் கவனித்து லக்சம்பர்க் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஒன்றுக்கு மேற்பட்ட காலணிகளை மாற்றி மாற்றி அணிந்தவர்களுக்குக் காய அபாயம் 39 சதவீதம் குறைவாக இருந்தது. இது குலுக்கல் முறைச் சோதனை அன்று; ஆயினும் ஒவ்வொரு காலணியும் காலின் வெவ்வேறு பகுதிக்குச் சுமையைப் பகிர்ந்தளிக்கிறது என்ற விளக்கம் ஏற்கத்தக்கது. மிகுந்த விலைகொடுத்து ஒரே காலணியை வாங்குவதைவிட, நடுத்தர விலையில் பொருத்தமான இரண்டை வாங்கி மாற்றி அணிவது பலருக்கும் உகந்த வழியாகலாம்.

காலணி வாங்க இயலாத மாணவன் ஓட்டத்தில் பின்தங்கியே தீரவேண்டும் என்று எண்ணத் தேவையில்லை. கற்களும் கண்ணாடித் துண்டுகளும் நீக்கப்பட்ட மண் மைதானமும், சிறிது சிறிதாக உயர்த்தப்படும் தூரமும், போதிய ஓய்வும் அவன் காலைப் பெரிதும் காக்கும். காலணி வாங்க முற்படுவோர்க்கு, மேலே கண்ட அளவீடுகளும் நான்கு நாள் ஓட்டக் குறிப்பும் கடைக்காரரின் சொல்லைவிட நல்ல வழிகாட்டியாகும். பள்ளிகளில் இச்சோதனைகளை மாணவர்களைக் கொண்டே செய்து குறிப்பேட்டில் பதிவுசெய்தால், விசை, சக்தி, மீள்திறன் என்னும் பாடங்கள் அவர்களுடைய காலடியிலேயே விளங்கும். பெற்றோரின் பணமும் வீணாகாது.